தனிநாயகம் அடிகளின் கிறித்தவத் தமிழ் வரலாற்று ஆய்வுகளும் மேற்கோள் கணக்கும்

1964ஆம் ஆண்டு சனவரித் திங்களில் புதுதில்லியில் 26ஆம் அனைத்துலகக் கீழைத்தேயவியல் அறிஞர் மாநாடு நடைபெற்றது. அதற்கு வந்திருந்த தமிழியல் அறிஞர்கள் சனவரி 7ஆம் நாள் தனியே கூடி அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினர். வ.அய். சுப்பிரமணியத்துடன் இணைந்து இதற்கு வழிவகுத்தவர், அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவராக இருந்த சேவியர் தனிநாயகம் அடிகள் (1913-1980) ஆவார். மன்றம் கண்டவர், மாநாடு கூட்டியவர் என்னும் புகழுரைகளுக்கிடையே, 16, 17ஆம் நூற்றாண்டுக் கிறித்தவத் தமிழின் வரலாற்றை ஆராய்ந்த தனிநாயகம் சற்றே மறைந்துவிட்டார் எனலாம்.

இத்துறையில் அவர் எழுதியவை பக்க அளவில் மிகுதியானவை அல்ல. தாமே ஆசிரியராக இருந்து நடத்திய ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழில் 1954இல் ஐரோப்பிய நூலகங்களிலுள்ள தமிழ்ச் சுவடிகள் பற்றியும், 1958இல் முதல் தமிழ் அச்சு நூல்கள் பற்றியும், 1964இல் புரோயென்சாவின் அகராதி பற்றியும் கட்டுரைகள் வரைந்தார். 1554இல் லிசுபனில் உரோமன் எழுத்தில் அச்சான ‘கார்த்தில்யா’, 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் கொச்சியில் வெளிவந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆகியன தமிழ் ஆய்வாளரிடையே பரவலாக அறியப்பட இவ்வெழுத்துகள் பெரிதும் துணைநின்றன.

இங்கு ஒரு திருத்தம் இன்றியமையாதது. ‘தம்பிரான் வணக்க’த்தைக் கண்டுபிடித்தவர் அடிகளே என்று மேடைகளிலும் மலர்களிலும் கூறப்படுவதுண்டு. ஆர்வர்டு நூலகத்தை அடைந்த அப்படியைப் பற்றிச் சூர்காமரும் காட்ரெலும் 1952இலேயே அந்நூலகத்தின் இதழில் எழுதிவிட்டனர். பிறருக்குரிய பெருமையை அடிகளுக்கு ஏற்றுவது, அவருக்கே உரியதை மறப்பதற்கு ஈடான பிழையாகும்.

அவருக்கே உரியது புரோயென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி. மதுரை மறைப்பணித் தளத்தைச் சேர்ந்த அந்தாம் தெ புரோயென்சா 1666இல் மறைந்தார். அவர் தொகுத்த 16,000க்கும் மேற்பட்ட சொற்கள் 1679இல் சேரநாட்டு அம்பலக்காட்டில் அச்சேறின. வத்திக்கான் நூலகத்தில் ஆய்வுலகின் கவனத்திற்கு எட்டாமல் கிடந்த படியை 1954இல் கண்ட அடிகள், 1966இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழி நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அகரவரிசையில் அமைந்த அச்சு அகராதி தமிழுக்கு இருந்தது என்பது இதனால் உறுதிப்பட்டது. நிகண்டுகள் புறக்கணித்த 17ஆம் நூற்றாண்டுப் பேச்சு வழக்குச் சொற்களை அறியவும் இது முதன்மைச் சான்றாகும்.

இவ்வுழைப்பு மேற்கோள் கணக்கில் எவ்வாறு பதிவாகும்? அகராதியிலிருந்து ஒரு சொல்லை எடுத்தாளும் ஆய்வாளர் ‘புரோயென்சா 1679’ என்றே குறிப்பார். அவர் கையிலிருப்பது 1966ஆம் ஆண்டின் படியே எனினும் வழக்கு அதுவே. பதிப்பாசிரியர் பெயர் நூலடைவின் இரண்டாம் வரியில் நின்றுவிடுகிறது. இதழின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. யூஜின் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணை, தில்லி மாநாடு கூடிய அதே 1964இல்தான் முறையாக வெளிவரத் தொடங்கியது. கலை, மானுடவியல் துறைகளுக்கான அட்டவணை 1978இல் வந்தது. 1975 முதலான இதழ்களையே அது கணக்கிட்டது. ‘தமிழ் கல்ச்சர்’ இதழோ 1952இல் தோன்றி 1966இல் முடிந்தது. எண்ணுவோர் வருமுன்பே எண்ணப்பட வேண்டியது நின்றுபோயிற்று. சமூகவியலறிஞர் இராபர்ட் மெர்ட்டன் சுட்டிய மற்றொரு நிலையும் இங்குப் பொருந்தும்: ஒரு முடிபு பொது அறிவாகக் கரைந்தபின் அதனைக் கண்டவர் பெயரைச் சொல்வது வேண்டாததாகிவிடுகிறது. முதல் தமிழ் அச்சு நூல்கள் பற்றிப் பாடநூல் எழுதுவோர் இன்று எவரையும் மேற்கோள் காட்டுவதில்லை.

தில்லியில் இயங்கும் பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர் பணியுயர்வுக்குப் புள்ளிமுறையை வகுத்தது; 2018இல் ‘கேர்’ என்னும் இதழ்ப் பட்டியலைத் தொடங்கி 2025இல் கைவிட்டது. இவ்வளவைகளுள் எதைக் கொண்டு பார்த்தாலும், ஒரு நிழற்படப் பதிப்பும் தாமே நடத்திய இதழில் எழுதிய சில கட்டுரைகளும் அடிகளுக்குப் பெரும்புள்ளி ஈட்டித் தந்திரா. தம் இதழில் தாமே எழுதுவதை ஐயத்துடன் நோக்கும் இன்றைய நெறியில் நியாயம் உண்டு. ஆயினும் தமிழியலை ஆங்கிலத்தில் உலகிற்கு உணர்த்தும் காலாண்டிதழ்கள் அரிதாக இருந்த 1952இல், இதழைத் தோற்றுவித்தவர் அதில் எழுதாமல் வேறெங்கு எழுதியிருக்க முடியும்?

அடிகளோ பிறர் நூல்களைத் தொகுத்து அடைவு செய்வதில் தளராதவர். தமிழியல் நூல்களுக்கான அவரது ஆங்கிலத் துணைநூல் அகராதிப் பதிப்பு வெளிவந்த 1966இலேயே வெளியாயிற்று. ஆனால் அவர் பெயரே ஆங்கிலத்தில் ஒரு சொல்லாகவும் இரு சொல்லாகவும், தனிநாயகம் என்பதன் கீழும் நாயகம் என்பதன் கீழும் பதிவாகிறது. இப்பதிவுகளை ஒருசேரத் திரட்டி, அகராதியைப் பதிப்பாசிரியர் பெயருடன் இணைத்த பின்னரே அவருடைய மேற்கோள்களை எண்ணத் தொடங்க இயலும்.