தண்ணீரும் தனிமையும் வாசிப்பும்

குளியல் தொட்டியில் வெந்நீரை நிறைத்து, அதில் சாய்ந்திருந்தபடி நாவல் வாசிக்கும் சுகத்தை மேல்நாட்டு வாசகர்கள் பலர் வியந்து சொல்வார்கள். திருக்கோவிலில் பிறந்து கிணற்றடியில் குளித்து வளர்ந்த எனக்கு இந்தச் சுகம் நெடுங்காலம் விளங்கவில்லை. கல்முனையிலிருந்து திருக்கோவில் வரையான நமது மணற்கரையில் குளிப்பு என்பது நின்றபடி செய்யும் வேலை. ஒரு கை கயிற்றை இழுக்க, மறு கை வாளியைப் பிடிக்கும். புத்தகம் பிடிக்க மூன்றாவது கை ஏது?

ஆகவே தொட்டியில் கிடந்து வாசிப்பவரைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம், அவருக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றியவர் யார் என்றே எனக்குக் கேட்கத் தோன்றும். வரலாறு இதற்கு விடை வைத்திருக்கிறது.

உரோமாபுரியில் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த மூத்த பிளினி 37 பாகங்கள் கொண்ட 'இயற்கை வரலாறு' என்ற நூலின் ஆசிரியர். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது மாண்டவர். அவரது மருமகன் இளைய பிளினி ஒரு கடிதத்தில் மாமாவின் குளிப்பை விவரிக்கிறார். நீருக்குள் இருக்கும் நேரத்துக்கு மட்டுமே படிப்பிலிருந்து விலக்கு. உடம்பைத் தேய்த்துத் துடைக்கும் வேளையில் எதையாவது வாசிக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். அல்லது தாம் சொல்ல எழுதுவிப்பார். தேய்த்த கையும் ஏட்டைப் பிடித்த கையும் பிறருடையவை. அக்காலச் செல்வர் வீடுகளில் அவை பெரும்பாலும் அடிமைகளின் கைகள்.

நமக்கு நெருங்கிய உதாரணம் முகலாயரிடம் உண்டு. அரண்மனையில் பேரரசர் நெருக்கமானவர்களுடன் மட்டும் கூடி இராச்சிய அலுவல்களைக் கவனித்த அறைக்குக் 'குஸ்ல் கானா' என்று பெயர். குளிப்பறையை அடுத்து அமைந்திருந்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இங்கிலாந்துத் தூதுவராக 1615இல் வந்த சேர் தோமஸ் ரோ, ஜஹாங்கீரை அங்கே சந்தித்ததைத் தமது குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நமது வீடுகளில் கடமையான குளிப்பைக் குறிக்கும் அதே 'குஸ்ல்' என்ற சொல், அங்கே அதிகாரத்தின் தனியறைக்குப் பெயராயிற்று.

பின்னர் வந்த பிரித்தானியத் துரைமாரின் பங்களாக்களில் தகரத் தொட்டிகள் இருந்தன. அவற்றுக்கு வட இந்தியாவில் தோற்பையில் நீர் சுமந்து வந்தவர்கள் 'பிஹிஸ்தி' எனப்பட்டனர். பெரும்பாலும் முஸ்லிம்களான இவர்களின் பெயர், சுவர்க்கத்தைக் குறிக்கும் 'பிஹிஸ்த்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது. தாகம் தீர்ப்பவனுக்குச் சுவர்க்கத்தின் பெயர்! ஆனால் அவன் சுமந்த நீரில் சாய்ந்திருந்து பத்திரிகை படித்தவர் வேறொருவர்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குழாய்நீரும் எனாமல் பூசிய இரும்புத் தொட்டியும் நடுத்தர வீடுகளுக்கு மெல்ல மெல்ல வரலாயின. குழாயைத் திருகினால் நீர். தாழ்ப்பாளைப் போட்டால் தனிமை. மலிவு விலை நாவல்கள் பெருகியதும் ஏறக்குறைய இதே காலந்தான். தனியே இருந்து மௌனமாக வாசிக்கும் பழக்கம் பரவ இவை மூன்றும் உதவின என்பது எனது எண்ணம்.

இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் பொதுவாகக் கொள்ளப்படும், சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' 1885இல் வெளியாயிற்று. அதுவும் தனித்திருந்து வாசிப்பதற்கான நூலே. அதற்கு முன்னரே நம்மிடம் வாசிப்பு இருந்தது. ஆனால் அது கூடியிருந்து கேட்கும் வாசிப்பு. ஒருவர் சீறாப்புராணத்தை இராகத்தோடு படிக்க, மற்றொருவர் பொருள் சொல்ல, சபை கேட்டிருக்கும். கோயில்களில் நடக்கும் புராணப் படிப்பும் இவ்வகையினதே. வாசிப்பு அங்கே காதுக்குரியது.

பெண்களோ அரபுத் தமிழில் வாசித்தார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய 'மகானி' போன்ற மார்க்கச் சட்ட நூல்கள் இலங்கை வீடுகளிலும் புழங்கின. இவ்வகை நூல்கள் வழக்கமாகத் தொடங்குவதே தூய்மையைப் பற்றிய அத்தியாயத்தில்தான். எந்த நீர் சுத்தமானது, எப்போது குளிப்புக் கடமையாகும் என்பவையே முதற் பாடம். தண்ணீர் புத்தகத்துக்குள் இருந்தது. அரபு எழுத்தின் கண்ணியம் கருதிப் புத்தகம் தண்ணீரண்டை போகவில்லை.

அதைவிடப் பெரிய தடை நேரம். வீட்டுக்கு நீர் அள்ளியவள் அவளே. கிடுகு மறைப்புக் கட்டிய கிணற்றடி அவளுக்குக் கிடைத்த சிறு மறைவுதான். ஆனால் அங்கும் அடுத்தவள் குடத்துடன் காத்து நிற்பாள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையை விழுங்கியபோது கிணறுகளில் உப்பு ஏறிற்று. பவுசர் நீருக்குக் கலன்களோடு வரிசையில் நின்றவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை நாம் கண்ணால் கண்டோம். வீட்டிலிருந்த புத்தகங்களைக் கடல் ஒரே நாளில் கொண்டுபோயிற்று. வாசிப்பதற்கான நேரத்தைத் தண்ணீர் வரிசைகள் மாதக்கணக்கில் கொண்டுபோயின.

இன்று நமது ஊர்களில் பல வீடுகளுக்குக் குழாய் வந்துவிட்டது. பல கிணறுகளில் மோட்டார் ஓடுகிறது. குளிப்பறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் உண்டு. தொட்டிதான் இல்லை, அது ஒரு குறையுமல்ல. ஆனால் மிச்சமான நேரம் யாருக்குப் போயிற்று? நமது இலக்கியக் கூட்டங்களில் பெண்கள் வாசிக்க வருவதில்லை என்ற மனக்குறை அடிக்கடி எழுகிறது. அப்படிக் குறைப்படுவோர், தமது வீட்டில் ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு யாரும் கூப்பிடாமல் அரை மணி நேரம் இருக்க முடிகிறதா என்பதை முதலில் பார்க்கட்டும். அந்த அரை மணி நேரம் கிடைத்தால், எதை வாசிப்பது என்பதை அவளே தெரிந்துகொள்வாள்.