இரண்டு கினி கட்டினால் பீர்க்கடை

நம்ம தெருவுல மதுக்கடை வரணும்னா அக்கம்பக்கத்தைக் கேட்கணுமா? 1830-இல் இங்கிலாந்து கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தது. ஜின் குடியைக் குறைக்க பீரை மலிவாக்கலாம் என்பது கணக்கு. வரி கட்டும் வீட்டுக்காரர் வருஷத்துக்கு இரண்டு கினி கட்டினால் வீட்டிலேயே பீர் விற்கலாம்; மாஜிஸ்திரேட் அனுமதி தேவையில்லை. ஆறே மாதத்தில் சுமார் 24,000 கடைகள்!

எனக்கு உறுத்துவது இதுதான்: கடை திறக்கும் முன் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபிக்க ஓர் இடமே இல்லாமல் போனது. அந்த அதிகாரம் மாஜிஸ்திரேட்டிடம் திரும்ப 1869 ஆகிவிட்டது.

2003-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உள்ளாட்சி மன்றத்திடம் கொடுத்தது. குடியிருப்போர் ஆட்சேபிக்கலாம். ஆனால் குற்றம், பொதுப் பாதுகாப்பு, தொந்தரவு, குழந்தைகள் நலன் ஆகிய நான்குக்குள்தான். ‘குடி கெட்டது’ன்னு எழுதினா எடுபடாது, ‘ராத்திரி சத்தத்துல தூங்க முடியாது’ன்னு எழுதினா கேட்டே ஆகணும்.