பரங்கிக்காயும் கறுவாவும்: ஓர் இலையுதிர்காலக் கோப்பையின் வரலாறு

செப்டெம்பர் பிறந்தால் போதும். ரொறன்ரோவில் எந்தக் கோப்பிக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரே வாசனைதான். பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டே, கறுவாப்பட்டை போட்டுச் சூடாக்கிய ஆப்பிள் சைடர், ஒக்டோபரில் நன்றி நவிலல் நாளுக்கு பம்ப்கின் பை. மெழுகுவர்த்தியில்கூட அதே மணம். உங்களுக்கும் இந்தக் காலத்துக்கென்று பிடித்த சில பொருட்கள் இருக்கும். எனக்கும் இருக்கின்றன. மாலையில் சீக்கிரமாக இருட்டத் தொடங்கும் நாட்களில் கையில் சூடான கோப்பையோடு ஜன்னலோரம் உட்கார்வதை நான் விடமாட்டேன்.

இதைப் பார்த்துவிட்டு நம்மில் சிலர், "இதெல்லாம் வெள்ளைக்காரருடைய ருசி" என்று சிரிப்பார்கள். வேறு சிலர், அதைக் குடித்தால்தான் இந்த நாட்டோடு ஒட்டிவிட்டோம் என்று நினைப்பார்கள். அந்தக் கோப்பைக்குள் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இரண்டு எண்ணமும் மாறும். கணினித் துறையில் ஒரு பழைய மென்பொருளைக் கையில் எடுத்தால், யார் எந்த வரியை எப்போது எழுதினார்கள் என்று முதலில் தேடுவோம். அதையேதான் இங்கும் செய்யப்போகிறோம்.

பூசணி இல்லாத பூசணிப் பானம்

ஸ்டார்பக்ஸ் நிறுவனம் இந்த லாட்டேயை 2003இல் வன்கூவரிலும் வாஷிங்டனிலும் முதலில் விற்றுப் பார்த்தது. அடுத்த ஆண்டு எல்லா இடங்களுக்கும் கொண்டுபோனது. வேடிக்கை என்னவென்றால், 2015 வரை அதில் பூசணியே கிடையாது. நாம் 'பூசணி மணம்' என்று நினைப்பது உண்மையில் பூசணிப் பலகாரத்தில் போடும் மசாலாவின் மணம். கறுவா, சாதிக்காய், கராம்பு, இஞ்சி ஆகியவைதான் அதன் அடிப்படை.

இந்தச் சேர்க்கையை அந்த நிறுவனம் கண்டுபிடிக்கவில்லை. மெக்கார்மிக் என்ற அமெரிக்க மசாலா நிறுவனம் 1934இலேயே 'பம்ப்கின் பை ஸ்பைஸ்' என்று ஒரே டப்பாவில் கலந்து விற்றது. அதற்கும் முன்னால், 1796இல் அமேலியா சிமன்ஸ் என்ற பெண் எழுதிய சமையல் நூல் வெளிவந்தது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் சமையல் நூலாக அதைக் கொள்கிறார்கள். அதில் பூசணிப் பலகாரத்துக்கு இரண்டு செய்முறைகள் இருக்கின்றன. சாதிக்காய், சாதிபத்திரி, இஞ்சி எல்லாம் அங்கேயே வந்துவிடுகின்றன.

இந்த மசாலாப் பொருட்கள் நான்கில் ஒன்றுகூட வட அமெரிக்க மண்ணுக்கு உரியதில்லை. நான்கும் ஆசியாவிலிருந்து கப்பலேறியவை. பூசணி மட்டும்தான் உள்ளூர்க்காரர். மெக்சிகோவின் ஒஹாக்கா பகுதியில் உள்ள ஒரு குகையில் சுமார் 10,000 ஆண்டுகள் பழமையான பூசணி விதைகள் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பியர் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கப் பூர்வகுடிகள் அதைப் பயிரிட்டு வந்தார்கள்.

அந்தப் பூசணி நம் ஊர்களுக்குப் போனது ஐரோப்பியரின் வருகைக்குப் பிறகு. தமிழ்நாட்டில் மஞ்சள் பூசணியைப் பரங்கிக்காய் என்பார்கள். பரங்கியர் என்றால் ஐரோப்பியர். காயின் பெயரிலேயே அது வந்த வழி பதிந்திருக்கிறது. ஆக, நம் அம்மம்மா வைக்கும் பூசணிக்கறியில் காய் அமெரிக்காவுடையது. இங்கே குடிக்கும் லாட்டேயில் மணம் ஆசியாவுடையது.

இஞ்சியின் பெயர்

நான்கில் எளிதான கதை இஞ்சியுடையது. ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்' என்கிறோம் அல்லவா? அந்தச் சொல் லத்தீன், கிரேக்கம், பாளி என்று பின்னோக்கிப் போய், கடைசியில் தென்னிந்தியாவின் 'இஞ்சிவேர்' என்ற சொல்லில் நிற்கிறது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். பொருளோடு பெயரும் பயணம் செய்திருக்கிறது.

கறுவாவுக்காக வந்த கப்பல்கள்

அடுத்தது கறுவா. தமிழ்நாட்டில் பட்டை, இலவங்கப்பட்டை என்பார்கள். உண்மையான கறுவாவின் தாய்நிலங்களில் முதன்மையானது இலங்கை. போர்த்துக்கேயர் 1505இல் அங்கே கரையிறங்கினார்கள். அவர்களை அங்கே தங்கவைத்ததில் கறுவாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1518இல் கொழும்பில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அந்த வணிகத்தைப் பறிக்கவே ஒல்லாந்தர் வந்தார்கள். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு 1638இல் உடன்படிக்கை செய்துகொண்டு, 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். யாழ்ப்பாணக் கோட்டையைப் படத்திலோ நேரிலோ நீங்கள் பார்த்திருப்பீர்கள். நமது பெற்றோரின் ஊரை அந்நியர் மாறி மாறி ஆண்ட கதைக்குள் இந்தப் பட்டையும் இருக்கிறது.

கறுவா உரிப்பது சுலபமான வேலை இல்லை. மழைக்காலத்தில் இளங்கிளைகளை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் தேய்த்து உட்பட்டையைத் தளர்த்தி, கிழியாமல் எடுக்கவேண்டும். பிறகு ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நிழலில் உலர்த்தவேண்டும். இந்த வேலை சலாகம என்ற சிங்களச் சாதியினர்மேல் கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டிருந்தது. ஒவ்வொருவரும் இவ்வளவு பட்டை தரவேண்டும் என்று கணக்கு உண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தெரியாமல் கறுவாவை விற்றால் மரணதண்டனை. ஐரோப்பாவில் விலை சரியாமல் இருப்பதற்காக, மிஞ்சிய சரக்கை எரித்தும் விட்டார்கள். ஒருபுறம் கட்டாய உழைப்பு, மறுபுறம் அந்த உழைப்பின் பலனுக்கே தீ.

சாதிக்காயின் விலை

சாதிக்காயை நம் வீடுகளில் குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுப்பார்கள். அவ்வளவு பழகிய பொருள். ஆனால் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை உலகத்துக்குச் சாதிக்காய் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. அது இன்றைய இந்தோனேசியாவில் உள்ள பண்டா தீவுகள்.

அங்கிருந்த மக்கள் யாரிடம் வேண்டுமானாலும் விற்று வந்தார்கள். தங்களுக்கு மட்டுமே விற்கவேண்டும் என்றது ஒல்லாந்தக் கம்பெனி. 1621இல் அதன் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் படையோடு வந்தார். ஊர்ப் பெரியவர்கள் 44 பேர், கூலிப்படையாக வந்த ஜப்பானிய வீரர்களின் வாளுக்கு இரையானார்கள். தீவுகளில் சுமார் 15,000 பேர் இருந்ததாகவும், அந்தப் படையெடுப்புக்குப் பிறகு ஏறக்குறைய ஆயிரம் பேரே அங்கு மிஞ்சியதாகவும் வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். கொலை, பசி, நாடுகடத்தல், தப்பியோட்டம் எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். பிறகு தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒல்லாந்தருக்குக் கொடுத்து, வேலைக்கு அடிமைகளை இறக்கினார்கள். ஆசியாவின் பல கரைகளிலிருந்து அவர்களைக் கொண்டுவந்தார்கள். இந்தியக் கரைகளும் அவற்றுள் அடங்கும்.

பண்டாவில் ரன் என்ற சின்னஞ்சிறு தீவுக்கு ஆங்கிலேயர் உரிமை கோரி வந்தார்கள். 1667இல் பிரெடா உடன்படிக்கையில் அந்த உரிமையைக் கைவிட்டார்கள். மறுபுறம், ஆங்கிலேயர் 1664இல் பிடித்திருந்த ஓர் ஊரை ஒல்லாந்தர் அவர்களுக்கே விட்டுவிட்டார்கள். அந்த ஊர்தான் இன்றைய நியூயோர்க். அன்றைக்கு ஒல்லாந்தருக்குச் சாதிக்காய்தான் பெரிதாகத் தெரிந்தது.

கூன் பிறந்த ஹோர்ன் நகரத்தில் 1893இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதை அகற்றவேண்டுமா என்ற விவாதம் நம் காலத்திலும் நடக்கிறது.

நாகபட்டினத்திலிருந்து

இதுவரை நாம் பார்த்தவர்கள் சிங்களவர்களும் பண்டா மக்களும். தமிழர் எங்கே?

1658இல் ஒல்லாந்தர் நாகபட்டினத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த ஆண்டே பிஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டுக்குள் புகுந்து சூறையாடின. வயல்கள் அழிந்தன. பஞ்சம் வந்தது. பசி தாங்காமல் மக்கள் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் விற்கும் நிலை. 1659 முதல் 1661 வரை சோழமண்டலக் கரையிலிருந்து 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாக ஏற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். பெரும்பகுதியினர் போனது ஒல்லாந்தர் வசமிருந்த இலங்கைக்கு. மற்றவர்கள் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். கோட்டை வேலை, வயல் வேலை, வீட்டு வேலை என்று அவர்கள் உழைப்பு போனது. கறுவாவையும் சாதிக்காயையும் ஐரோப்பாவுக்கு அனுப்பிய அதே கம்பெனியின் கப்பல்கள்தான் இவர்களையும் ஏற்றிச் சென்றன.

நமது புலம்பெயர்வின் கதையை 1983இலிருந்து தொடங்குவது நமக்குப் பழக்கம். நம் குடும்பங்களுக்கு அது உண்மையும்கூட. ஆனால் தமிழர் கடல்கடந்த கதையில் இந்த நாகபட்டினக் கப்பல்களும் உண்டு. அவர்களுடைய பெயர்களைச் சொல்ல இன்று எந்தக் குடும்பத்திடமும் ஒரு பழைய புகைப்படம்கூட இல்லை. அதனால்தான் நாமாவது சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

எப்படி மலிவானது?

ஒருவர் கையில் மட்டும் இருந்த வணிகம் மெல்ல உடைந்தது. 1770 அளவில் பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் கராம்பு, சாதிக்காய்க் கன்றுகளைக் கடத்தி மொரிசியஸ் தீவில் நட்டார். பின்னர் ஆங்கிலேயர் சாதிக்காயைப் பினாங்குக்கும் வேறு இடங்களுக்கும் கொண்டுபோனார்கள். கரீபியனில் உள்ள கிரெனடாவின் தேசியக் கொடியில் இன்று ஒரு சாதிக்காய் இருக்கிறது. அமேலியா சிமன்ஸ் நூல் வெளிவந்த அதே 1796இல் ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்தார்கள். 1833இல் கறுவாவின்மேல் அரசுக்கு இருந்த தனியுரிமை முடிந்தது. அரசர்கள் பூட்டிவைத்த பொருள், இப்படித்தான் இங்கே நாம் வாங்கும் கோப்பைக்குள் வந்தது.

அப்படியானால் குடிக்கலாமா?

தாராளமாகக் குடிக்கலாம். நான் இன்னும் குடிக்கிறேன். 17ஆம் நூற்றாண்டில் நடந்ததற்குக் கோப்பை காரணம் இல்லை. ஆனால் "இது அவர்களுடையது" என்று ஒதுங்கவும் தேவையில்லை, "இது எங்களுடையது" என்று மார்தட்டவும் முடியாது. பூசணி அமெரிக்கப் பூர்வகுடிகளுடையது. சாதிக்காய் பண்டா மக்களுடையது. கறுவாவில் சலாகம மக்களின் கைகள் இருக்கின்றன. நம்முடைய பங்கும் அதில் ஓர் ஓரத்தில் இருக்கிறது.

இந்த இலையுதிர்காலத்தில் நான் செய்யும் மூன்று சின்ன விஷயங்களைச் சொல்கிறேன். பிடித்தால் நீங்களும் செய்து பாருங்கள்.

முதலாவது, கறுவா வாங்கும்போது பொதியைத் திருப்பிப் பார்ப்பது. இங்கே பல்பொருள் அங்காடிகளில் கிடைப்பதில் பெரும்பகுதி கசியா என்ற வேறு இனம். இந்தோனேசியா, வியட்நாம், சீனாவிலிருந்து வருவது. தடித்து, ஒரே சுருளாக, கல்லுப்போல இருக்கும். இலங்கைக் கறுவா மெல்லிய பல அடுக்குகளாக, விரலால் நொறுக்கக்கூடியதாக இருக்கும். கசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம். தினமும் நிறையச் சாப்பிட்டால் ஈரலுக்கு ஆகாது. இலங்கைக் கறுவாவில் அது மிகக் குறைவு. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கியது.

இரண்டாவது, மசாலாவை வீட்டிலேயே கலப்பது. நாலு தேக்கரண்டி கறுவாத் தூள், இரண்டு தேக்கரண்டி இஞ்சித் தூள், ஒரு தேக்கரண்டி சாதிக்காய்த் தூள், அரைத் தேக்கரண்டி கராம்புத் தூள். சாதிக்காயை முழுதாக வாங்கி அப்போதைக்கப்போது துருவினால் மணம் வேறு. கோப்பியில் மட்டுமில்லை, பால் தேநீரிலும் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த நான்கையும் அவர்கள் முன்னால் வைத்து, ஊரில் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று கேளுங்கள். எதை எதில் போட்டார்கள், எதைக் குழந்தைக்கு உரைத்தார்கள், எதைப் பல்வலிக்குக் கடித்தார்கள் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள். நாகபட்டினத்திலிருந்து போனவர்களிடம் இதையெல்லாம் கேட்டு எழுதிவைக்க ஒருவரும் இருக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.