பரம்பரைச் சர்க்கரையின் சென்னை வரலாறு

அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து கள்ளிக்குப்பமும் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது 2011இல். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2001இல், மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் தன் பெரிய கணக்கெடுப்பைத் தொடங்கியபோது நகரின் எல்லை வேறு. அன்றைய 155 வட்டங்களில் 46இலிருந்து 26,001 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கள்ளிக்குப்பம் அதில் இல்லை. ஆனால் அந்த ஆய்வு துருவிய கேள்வி இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் கேட்பதுதான்: அப்பாவுக்கும் சுகர், அம்மாவுக்கும் சுகர், பிள்ளைக்கு வராமல் இருக்குமா?

இந்தக் கேள்விக்குச் சென்னையில் நீண்ட வரலாறு உண்டு. 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார் டாக்டர் மு. விஸ்வநாதன். 1954இல் ராயபுரத்தில் சொந்த மருத்துவமனை. அவரும் அவருடைய மகன் வி. மோகனும் அ. ராமச்சந்திரனும் சி. சினேகலதாவும் 1985இல் வெளியிட்ட ஆய்வு, கணவன் மனைவி இருவருக்குமே சர்க்கரை உள்ள குடும்பங்களின் பிள்ளைகளைப் பரிசோதித்தது. நோய் அவர்களிடம் மிக அதிகமாக இருந்தது. அடுத்த தலைமுறையில், 1990களின் பிற்பகுதியில் சென்னையில் நடந்த இன்னொரு ஆய்வு இதையே எண்ணிக்காட்டியது. பெற்றோர் இருவருக்கும் நோய் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு ரத்தச் சர்க்கரையில் கோளாறு. ஒருவருக்கு மட்டும் என்றால் 22. குடும்பத்திலேயே இல்லை என்றால் 16க்குள்.

பரம்பரை உண்மை என்றால், எந்த மரபணு?

2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் ஒரு விடை சொன்னார்கள். டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவின் ஒரு வகை, கணையம் இன்சுலின் சுரப்பதைத் தளர்த்தி நோய்க்கு இடம் தருகிறது. ஐரோப்பியர்களிடம் கண்டது நம்மிடமும் செல்லுமா? மோகனின் சென்னைக் குழு தன் மக்களிடம் சோதித்து, 2007இல், செல்லும் என்றது. ஆனால் எல்லா மரபணுவும் இப்படி ஒத்துப்போகவில்லை. பிபிஏஆர்-காமா என்ற மரபணுவில் ஒரு மாற்றம் வெள்ளையருக்கு நோயிலிருந்து ஓரளவு காப்பு தருகிறது. சென்னையில் வாழும் தமிழர்களையும் அமெரிக்காவின் டாலஸில் குடியேறிய தெற்காசியர்களையும் அங்குள்ள வெள்ளையரையும் ஒப்பிட்ட 2006ஆம் ஆண்டு ஆய்வில், வெள்ளையருக்குக் கிடைத்த காப்பு தெற்காசியர் எவருக்கும் கிடைக்கவில்லை. ஊர் மாறியும் பலன் மாறவில்லை. வேறு மக்களை அளந்து எழுதிய குறிப்பை வைத்து இங்குள்ளவரின் ஆபத்தைக் கணக்கிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

உலகம் இதை மெதுவாகத்தான் ஏற்றது. மரபணுத் தேடலின் பெரும்பகுதி நெடுநாள் ஐரோப்பிய ரத்தத்தில்தான் நடந்தது. 2011இல் தெற்காசியர்களை மட்டுமே முதலில் ஆராய்ந்த லண்டன் குழு ஆறு புதிய மரபணு இடங்களைக் கண்டது. கிரீன்லாந்து இன்யூட் மக்களிடமும் மெக்சிகோவிலும் வேறெங்கும் அரிதான வகைகள் 2014இல் வெளிப்பட்டன. 2024இல் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில் 611 இடங்கள்! அவற்றில் ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. ஒரு தனி மரபணுவைக் குற்றவாளியாக்கி இந்த நோயை விளக்க முடியாது.

வாழும் முறையையும் பார்க்க வேண்டும். இங்கேதான் அம்பத்தூர், ஆவடிப் பக்கம் நினைவுக்கு வருகிறது. 1949இல் டிஐ சைக்கிள் ஆலை, 1961இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த ஊர்களில் ஷிப்டு வாழ்க்கை வந்தது. நடந்தவர் பேருந்தேறினார், களை எடுத்த உடம்பு இயந்திரத்தின் முன் நின்றது, பின்பு நாற்காலியில் உட்கார்ந்தது. ராமச்சந்திரன் குழு 1989இல் சென்னை நகரில் 8.2 சதவீதம் பேரிடமும் கிராமங்களில் 2.4 சதவீதம் பேரிடமும் சர்க்கரை நோயைக் கண்டது. 2006இல் நகரம் 18.6, கிராமம் 9.2. பதினேழு ஆண்டில் எந்த மக்களின் மரபணுவும் மாறிவிடாது. மாறியது சோறும் வேலையும் தூக்கமும். பரம்பரையில் இருந்த பலவீனத்தை அந்த மாற்றம்தான் வெளியே கொண்டு வந்தது. எனவே "ரத்தத்தில் உள்ளது, என்ன செய்ய?" என்று கைவிடுவது அறிவியலுக்கும் ஒவ்வாது, அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் நியாயமில்லை.

1990களின் அந்தச் சென்னை ஆய்வு இரண்டு குடியிருப்புகளில் நடந்தது: நடுத்தர வருவாயினர் வாழ்ந்த திருமங்கலம் ஏசியாட் காலனி, குறைந்த வருவாயினர் வாழ்ந்த தி.நகர் பாரதி நகர். முதலாவதில் 12.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், இரண்டாவதில் 6.5. அன்றைக்கு உடலுழைப்பு பாரதி நகரில்தான் அதிகம். முடிவுகளைக் கேட்ட ஏசியாட் காலனிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மருத்துவர்கள் நடத்திய விழிப்புணர்வுக் கூட்டங்களுக்குப் பின் தாங்களே பணம் திரட்டி, நடைபயிற்சிக்காகக் காலனியில் ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் நடப்பவர்கள் சில ஆண்டுகளில் பல மடங்கு கூடினார்கள். மோகன் குழு அதை 2006இல் ஆய்விதழில் பதிவுசெய்தது.