ஒலியொத்த சொற்களின் பட்டியல்: ஆங்கிலக் கற்பித்தலில் அது வந்த வழி

ஆங்கிலம் கற்றுத்தரும் கையேடுகளில் தவறாமல் இடம்பெறும் பட்டியல் ஒன்று உண்டு. கடலைக் குறிக்கும் ‘ஸீ’, பார்ப்பதைக் குறிக்கும் ‘ஸீ’. இறைச்சியைக் குறிக்கும் ‘மீட்’, சந்திப்பைக் குறிக்கும் ‘மீட்’ என்று ஒலி ஒத்து எழுத்து வேறுபடும் சொற்களை இணை இணையாக அடுக்கியிருப்பார்கள். மாணவர் மனப்பாடம் செய்வார், ஆசிரியர் தேர்வில் கேட்பார். ஆங்கிலத்தை அயல்மொழியாகப் படிப்பவருக்காக உருவான பட்டியல் அல்ல இது. வேறொரு மாணவருக்காக, வேறொரு சிக்கலைத் தீர்க்க எழுதப்பட்டு, பிறகு கேள்வியின்றி நம் கைக்கு வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தச் சொற்கள் ஒலியில் ஒன்றானது எப்படி? மேற்சொன்ன இரண்டு ‘மீட்’களும் ஒரு காலத்தில் வெவ்வேறு உயிரொலியோடு ஒலித்தவைதான். ஒன்றில் ‘இ, ஏ’ என்றும் மற்றதில் ‘இ, இ’ என்றும் எழுத்து அமைந்திருப்பதற்குக் காரணமும் அதுவே. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தன. இந்தப் பெருமாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1476-இல், வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்துமுறை மெல்ல நிலைத்தது. ஒலி மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. வீரனைக் குறிக்கும் ‘நைட்’டின் தொடக்கத்திலுள்ள ‘கே’யும், நடுவிலுள்ள ‘ஜி, எச்’சும் கவிஞர் சாசர் காலத்தில் வாய்விட்டு ஒலிக்கப்பட்டவை. அவை மௌனமானதும் அச்சொல் இரவைக் குறிக்கும் ‘நைட்’டோடு கலந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் ஒலிமாற்றமே காரணம் என்றும் சொல்ல முடியாது. மாவும் மலரும், அதாவது இரண்டு ‘ஃப்ளவர்’களும், பிறப்பில் ஒரே சொல், எழுத்தில் பிரிந்தது பிற்காலத்தில்தான். சந்தையைக் குறிக்கும் ‘ஃபேர்’ இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அழகைக் குறிக்கும் ‘ஃபேர்’ பழைய ஆங்கிலச் சொல். தொடர்பே இல்லாத இவ்விரண்டும் எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாகிவிட்டன.

இனி பட்டியலுக்கு வருவோம். 1643-இல், இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், லண்டன் தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள சதர்க் பகுதிப் பள்ளி ஆசிரியர் ரிச்சர்ட் ஹாட்ஜஸ் எழுத்துப்பிழை நீக்கும் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். ஒலி ஒத்து, பொருளும் எழுத்தும் வேறுபடும் சொற்களைத் தொகுத்துத் தருவதே அதன் முதன்மை நோக்கம். அவருடைய மாணவர்கள் ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளைகள். இரண்டு ‘ஸீ’களையும் காதால் அறிந்தவர்கள், பொருளும் தெரிந்தவர்கள், எதை எப்படி எழுதுவது என்பது மட்டுமே அவர்களுக்குக் குழப்பம். அந்தக் குழப்பத்துக்கு இணைப்பட்டியல் சரியான மருந்து. 1740-இல் தாமஸ் டில்வொர்த்தின் பாடநூலும், 1783-இல் அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டரின் புகழ்பெற்ற எழுத்துக்கூட்டு நூலும் இதே வகை அட்டவணையைத் தாங்கி வந்தன. அங்கும் கற்பவர் தாய்மொழிப் பிள்ளைகளே.

நம் நிகண்டு மரபையும் இங்கே நினைக்கலாம். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்வது. திண்ணைப் பள்ளிகளில் நிகண்டை மனப்பாடம் செய்த பிள்ளைக்குத் தமிழ் ஏற்கெனவே வாயில் இருந்தது. இலக்கியம் படிக்கப் போகிறவருக்கான ஆயத்தம் அது. தமிழ் தெரியாத ஒருவர் கையில் முதல் நூலாக அதைக் கொடுக்க யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆங்கிலத்தில் ஒலியொத்த சொற்களைப் பற்றிக் கவலைப்பட்ட பெரிய பெயர் ராபர்ட் பிரிட்ஜஸ். அரசவைக் கவிஞரான அவர் 1919-இல் தூய ஆங்கிலச் சங்கத்துக்காக எழுதிய ஆய்வில் அவற்றை எண்ணிப் பட்டியலிட்டார். 1,700-க்கும் மேற்பட்ட சொற்கள் அதில் சிக்கின. தென் இங்கிலாந்து உச்சரிப்பில் ‘ஆர்’ ஒலி மறைவதால் இந்தத் தொகை இன்னும் பெருகுகிறது என்பது அவர் குறை. அந்த உச்சரிப்பை அகராதியாக்கிய டேனியல் ஜோன்ஸ் மீதும் அவருக்குக் கோபம். பிரிட்ஜஸின் அக்கறை மொழியின் நலம் பற்றியது. வகுப்பறை அவர் கண்ணில் பெரிதாகப் படவில்லை.

அயல்மொழி மாணவரை மையத்தில் வைத்து யோசித்தவர்களில் ஒருவர் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட். ஆங்கில மொழியறிஞர் ஆக்டன் 1930-இல் 850 சொற்களில் ‘பேசிக் இங்கிலீஷ்’ திட்டத்தை முன்வைத்தபோது, சொல் குறைந்தாலும் ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பல பொருள் ஏற்றப்படுவதால் கற்பவரின் சுமை குறையவில்லை என்று 1934-இல் வெஸ்டும் உடனுழைத்தோரும் சுட்டிக்காட்டினர். 1953-இல் அவர் பதிப்பித்த, ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட பொதுச்சொல் பட்டியலில் ஒரு சொல்லின் எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு வருகிறது என்ற கணக்கும் சேர்ந்தது. என் மதிப்பீட்டில், பலபொருட் சொற்களைக் கற்பிப்பதில் உண்மையான திருப்பம் இதுதான். எத்தனை பொருள் உண்டு என்ற கேள்வி பின்னுக்குப் போய், எதை முதலில் சொல்வது என்ற கேள்வி முன்னே வந்தது. ஒலியொத்த இணைகளுக்கும் கேட்க வேண்டியது இதையே.

பின்வந்த ஆய்வுகள் இதற்கு வலுச் சேர்த்தன. கரேன் வாங், பால் நேஷன் இருவரும் 2004-இல் 570 சொற்குடும்பங்கள் கொண்ட கல்விசார் சொற்பட்டியலைச் சோதித்தனர். தொடர்பற்ற பொருள்கள் ஒரே வடிவில் கலந்த குடும்பங்கள் சிலவே. அவற்றிலும் ஏறக்குறைய எப்போதும் ஒரு பொருளே மிகுதியாகப் பயன்படுகிறது. பிரித்து எண்ணியபோது பட்டியலை விட்டு விழுந்தவை மூன்று குடும்பங்கள் மட்டுமே. இன்னொரு பக்கம், பொருளால் நெருங்கிய புதிய சொற்களை ஒரே பாடத்தில் சேர்த்துக் கற்றால் நினைவில் ஒன்றையொன்று குழப்புகின்றன என்று டிங்கம் 1993-இலும் வாரிங் 1997-இலும் காட்டினர். அவர்கள் சோதித்தது பொருளுறவை, ஒலியொற்றுமையை அல்ல. ஆனால் வடிவம் ஒத்த சொற்களைக் கற்பவர் மாற்றிப் பொருள்கொள்வதை பத்யா லாஃபர் தனியே விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இணைப்பட்டியலை முதல் பாடமாக வைப்பதற்கு நியாயம் கிடைக்கவில்லை.

தமிழ் மாணவர் விஷயத்தில் இன்னொரு முரண் இருக்கிறது. முதுகு, பை, மூட்டை கட்டுவது, அடுமனையில் சுடுவது ஆகிய நான்குக்குமான ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள், நான்கும் ‘பேக்’தான். ஆங்கிலேயர் காதில் இவை நான்கு தனித்தனி ஒலிகள். வல்லினங்களின் ஒலிப்பு வேறுபாடும் இந்த உயிரொலிகளின் வேறுபாடும் தமிழ் எழுத்தில் இல்லாததால் நமக்கு மட்டும் ஒலியொத்தவையாகும் இவை எந்த ஆங்கிலப் பட்டியலிலும் இரா. மாறாக, ஆன் பேக்கரின் 1977-ஆம் ஆண்டு நூலின் பெயரிலேயே நிற்கும் ‘ஷிப்’, ‘ஷீப்’ இணை, குறில் நெடில் அறிந்த நம் பிள்ளைகளுக்குப் பெரிய தடை அல்ல. ஸ்பானிய மாணவருக்கு அது தேவை. இரவல் பயிற்சியில் மணிக்கணக்கில் செலவிட்டுவிட்டு, சொந்தச் சிக்கலைத் தொடாமல் விடுகிறோம்.

பாடநூல் எழுதுவோர் இந்தப் பட்டியலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இணையில் அதிகம் வழங்கும் சொல்லை முதலில் வாக்கியத்தில் வைத்துப் பழக்குங்கள். அது ஊன்றியபின், சில வாரம் கழித்து, மற்றதை வேறொரு பாடத்தில் கொண்டுவாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைப்பது மீள்பார்வைக்கு, சொல்வதெழுதுதலுக்கு. கூடவே ‘பேக்’ போன்ற நம் ஊர் இணைகளுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.