நீரைச் சிறிதாக்க முடியாது: கடற்போர்ப் படங்கள் பற்றித் தென்சென்னையிலிருந்து ஓர் ஆய்வு

தாம்பரத்தில் வளர்ந்தவர்களுக்கு விமானப்படை அந்நியமில்லை. 1954 முதல் அங்கே இயங்கிவரும் பறப்புப் பயிற்றுநர் பள்ளியின் விமானங்கள் தலைக்கு மேலேயே வட்டமிடுகின்றன. பரங்கிமலையில் இராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி அகாடமி இருக்கிறது. கடற்படை மட்டும் கண்ணில் படுவதில்லை. கோவளம் கரையில் நிற்பவரின் கண் தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரத்தில் இருந்தால், அவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 4.7 கிலோமீட்டரில் முடிந்துவிடும். அதற்கப்பால் போகும் கப்பலைப் பூமியின் வளைவு அடியிலிருந்து மறைத்துக்கொண்டே வரும். கடற்போர்ப் படம் எடுப்பது ஏன் கடினம் என்ற கேள்விக்குப் பணத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். அது பாதி உண்மைதான். கப்பல், நீர், பார்வைத் தொலைவு என்ற மூன்றோடும் திரைப்படம் ஒரு நூற்றாண்டாக மல்லுக்கட்டி வருகிறது. ஒன்றைச் சமாளித்தால் இன்னொன்று முன்னால் வந்து நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டுச் சென்னை கண்ணால் கண்ட கடற்தாக்குதல் 1914 செப்டம்பர் 22 இரவு நடந்தது. கார்ல் ஃபொன் முல்லர் தலைமையில் வந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் நின்று, அரைமணி நேரத்துக்குள் ஏறக்குறைய 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அதன் நினைவுக்கல்லை இன்றும் பார்க்கலாம். சினிமாவுக்கு இதைவிடத் தோதான நிகழ்ச்சி கிடைக்காது: இருட்டு, தேடுவிளக்கு, தீ, எல்லாம் ஒரே பார்வைக்குள். ஆனால் எம்டனின் கதையைப் படமாக்கியது நாமல்ல. 1926-இல் லூயிஸ் ரால்ஃப் ஜெர்மனியில் எடுத்தார். 1928-இல் ஆஸ்திரேலியாவின் கென் ஹால், தம் நாட்டுக் கடற்படையின் உதவியோடு அதில் புதுக் காட்சிகளைச் சேர்த்து வெளியிட்டார். எம்டனோ 1914 நவம்பரிலேயே கோகோஸ் தீவுகளில் சிதைந்துபோயிருந்தது. அதன் இடத்தில் வேறு கப்பலைத்தான் காட்ட முடிந்தது. அந்தக் காலப் படங்கள் கடற்படையின் தயவில் நடந்தவை. கப்பலை இரவல் தர அரசுக்கு மனமிருந்தால் படம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இந்த இரவல் முறையின் உச்சத்தில் இந்தியக் கப்பல் ஒன்று இருக்கிறது. 1939 டிசம்பரில் தென் அமெரிக்கக் கரையோரம் கிராஃப் ஸ்பீ என்ற ஜெர்மானியக் கப்பலோடு மோதிய மூன்று கப்பல்களில் ஒன்று ‘அக்கிலீஸ்’. 1948-இல் இந்தியா அதை வாங்கி ‘டெல்லி’ என்று பெயரிட்டது. அப்போது அதன் துணைத் தலைமை அதிகாரியாக இருந்தவர் செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி. பத்தாண்டுகளில் அவரே கடற்படையின் முதல் இந்தியத் தளபதியானார். மைக்கேல் பவலும் எமரிக் பிரஸ்பர்கரும் அந்தப் போரை 1956-இல் படமாக்கி வெளியிட்டபோது, ஐஎன்எஸ் டெல்லி தன் பழைய வேடத்தைத் தானே ஏற்று நடித்தது. உண்மையான எஃகு, உண்மையான அலை. கிராஃப் ஸ்பீக்குப் பதிலாக அமெரிக்கக் கப்பல் ஒன்று வந்தது. கூர்ந்து பார்க்கிறவர்களுக்கு வேறுபாடு தெரியும். ஆனாலும் அந்தப் படத்தின் கடல் பொய் சொல்லவில்லை என்பேன்.

அந்த வழி நெடுநாள் திறந்திருக்கவில்லை. டெல்லி 1978-இல் பணியிலிருந்து விலக்கப்பட்டது. 1971 போரின் நாயகனான விக்ராந்த், பதினைந்து ஆண்டுகளுக்கும் குறைவாகவே அருங்காட்சியகமாக இருந்து, 2014-இல் உடைப்புக்குப் போனது. கோட்டையைப்போலக் கப்பல் காத்திருப்பதில்லை. செஞ்சிக்குப் போய் இன்றும் படமெடுக்கலாம். முதலாம் இராசேந்திரனின் 1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பைக் கல்வெட்டு பட்டியலிடுகிறது. ஆனால் அந்தக் கலங்கள் எப்படி இருந்தன என்று காட்ட ஒரு பலகைகூட மிஞ்சவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் கப்பல்கள் பெரிதும் கலை இயக்குநரின் ஊகம்தான். வேறு வழியுமில்லை.

கப்பல் கிடைக்காதவர்கள் மாதிரிக் கலம் செய்து தொட்டியில் விட்டார்கள். இங்கேதான் நீர் தன் வேலையைக் காட்டியது. ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃபுரூட் 1870களில் டார்க்கி நகரில் தொட்டி கட்டிக் கண்டறிந்த விதிப்படி, கப்பலை 25-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், அலையின் நேரம் 25-இன் வர்க்கமூலமான 5-இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஆகவே நொடிக்கு 24 சட்டகங்களுக்குப் பதில் 120 சட்டகங்கள் வீதம் எடுத்துச் சாதாரண வேகத்தில் ஓட்டினால் அலை கனமாகப் புரளும். இதுவரை சரி. ஆனால் நீர்த்துளி யாருக்காகவும் சுருங்காது. பரப்பு இழுவிசை அதன் அளவை அப்படியே வைத்திருக்கும். முகப்பில் மோதித் தெறிக்கும் 4 மில்லிமீட்டர் துளி, திரையில் 10 சென்டிமீட்டர் உருண்டையாகத் தெரியும். பார்வையாளருக்கு விதி தெரிய வேண்டியதில்லை. ‘பொம்மைக் கப்பல்’ என்று பின்வரிசைச் சிறுவன் சொல்லிவிடுவான்.

தமிழில் இந்தத் துணிச்சல் பி.ஆர். பந்துலுவுக்கு இருந்தது. ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) வணிகப் போட்டியின் கதை. ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) அவரைக் கொள்ளையர் கப்பலுக்கே கொண்டுபோனது. அதில் நம் நினைவில் நிற்பது தளத்தில் நடக்கும் வாள்வீச்சுதான். கடலைப் பின்னணியாக்கி மனிதரை முன்னே நிறுத்தினார். கையிலிருந்த வசதிக்கு அது சரியான முடிவு. பிரியதர்சனின் மலையாளப் படம் ‘மரக்கார்’ (2021) ராமோஜி திரைப்பட நகரில் தொட்டி கட்டிக் கணினியின் துணையோடு கடற்போரையே காட்டியது. சிறப்பு விளைவுகளுக்குத் தேசிய விருதும் பெற்றது. நுரையும் தெறிப்பும் முந்தைய படங்களைவிட நன்றாகவே அமைந்தன. கப்பலின் எடையை மட்டும் என்னால் உணர முடியவில்லை. அத்தனை டன் மரம் அலையில் ஏறும்போது ஒரு கணம் தயங்க வேண்டும். அந்தத் தயக்கம் அங்கே இல்லை.

நீரைக் காட்டாமல் தப்புவது இன்னொரு வழி. வொல்ஃப்காங் பீட்டர்சன் 1981-இல் நீர்மூழ்கியின் உட்புறத்தைச் சாய்ந்தாடும் மேடையில் ஏற்றி, வெளியே நடப்பதை ஒலியாலேயே உணர்த்தினார். சங்கல்ப் ரெட்டியின் ‘காஸி’ (2017) அதே தடத்தில் போய் வென்றது. விசாகப்பட்டினத்தாருக்கு ஒரு வசதி உண்டு: அங்கே கடற்கரையில் நிற்கும் குர்சுரா நீர்மூழ்கிக்குள் நுழைந்து, அந்தக் குறுகிய நடைவழியில் தோள் உரச யார் வேண்டுமானாலும் நடக்கலாம். அதே வகை நீர்மூழ்கியான வாக்லி 2010-இல் ஓய்வு பெற்றபோது மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்கத் திட்டமிட்டார்கள். அது நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் இளம் உதவி இயக்குநர்கள் எத்தனை பேர் அந்த ஏணியில் இறங்கியிருப்பார்கள்! இதை எழுதும்போது மனம் வலிக்கிறது.

மூன்றாவதான பார்வைத் தொலைவுச் சிக்கல் இன்னும் அவிழவில்லை. எம்டன் கண்ணுக்குத் தெரிந்த இலக்கைச் சுட்டது. 1971 டிசம்பர் 4 இரவு கராச்சியைத் தாக்கிய நிபாத், நிர்காத், வீர் ஆகிய ஏவுகணைப் படகுகளுக்கு எதிரி ரேடார் திரையில் ஒரு புள்ளி. சுட்டவரும் சுடப்பட்டவரும் ஒரே சட்டகத்துக்குள் வரவே மாட்டார்கள். இருவரையும் மாறி மாறிக் காட்டினால் போரின் உண்மையான பதற்றம், அதாவது ஏவியபின் காத்திருக்கும் அந்த நிமிடங்கள், சிதறிவிடும்.

நீரின் சிக்கலையாவது தீர்க்கத் தேவையான அறிவு தென்சென்னையிலேயே கிடக்கிறது. பள்ளிக்கரணையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், செம்மஞ்சேரியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம், தையூர் ஐஐடி வளாகத்தில் அலைத் தொட்டி, தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி. துறைமுகத்துக்காக அலையை உண்டாக்கி அளப்பவரும் திரைக்காக அலையை வரைபவரும் ஒரே பேருந்துத் தடத்தில் போய்வருகிறார்கள். அளந்து பதிந்த அலையையும் அதில் மிதந்த மாதிரிக் கலத்தின் அசைவையும் தரமணி மாணவர்களின் கணினிக்குக் கொடுத்தால், ‘மரக்கார்’ படத்தில் நான் தேடிய அந்த ஒரு கணத் தயக்கம் கிடைக்கும். தையூர், தரமணி வளாகங்கள் இரண்டும் சேர்ந்து நடத்தும் ஒரு பருவப் பாடத்தில் இதைத் தொடங்கலாம். முதல் பயிற்சிக்கு எம்டனின் அந்த அரைமணி நேரத்தை எடுத்துக்கொள்ளலாம்.