முட்டுக்கட்டை: ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு பிரேக் மாத்தின கதை

பேப்பரைத் திறந்தா ஒரு தடவையாவது கண்ணுல படுற சொல், 'முட்டுக்கட்டை'. எதிர்க்கட்சி முட்டுக்கட்டை, ஆளுநர் முட்டுக்கட்டை, நம்ம ஆபீஸ்ல டெஸ்டிங் டீம் முட்டுக்கட்டை. எங்கே வந்தாலும் திட்டுதான். ஆனா அது நிஜத்துல ஒரு பொருளோட பேரு. ஓடுற தேரோட சக்கரத்துக்கு அடியில கொடுக்கிற மரக்கட்டை. சுருக்கமா சொன்னா, பிரேக். இன்னைக்கு எபிசோட், அந்த பிரேக்கை எடுத்துட்டு வேற பிரேக் போட்டதைப் பத்தி.

ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு சுமார் 12 கிலோமீட்டர். திருமங்கலத்துல இருந்து செங்கோட்டை வழியா கொல்லம் போற நெடுஞ்சாலை இது. கேரளாவுக்குப் போற லாரி, பஞ்சாலை லோடு, கரும்பு டிராக்டர் எல்லாம் இதுலதான். கரும்பு டிராக்டரைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. முன்னாடி இழுக்கிற வண்டிக்கு பிரேக் இருக்கும். பின்னாடி வர்ற டிரெய்லருக்குப் பல சமயம் சொந்தமா பிரேக்கே இருக்காது. சரிவுல வண்டி நின்னுச்சுன்னா யாராவது இறங்கி ஓடிப்போய் டயருக்கு அடியில கல்லு வைக்கணும். பழைய லாரிகள்ல கிளீனரோட முக்கியமான வேலையே அதுதான்.

இழுக்கிறது ஒண்ணு, இழுபடுறது இன்னொண்ணுன்னு ஆயிட்டா நிறுத்துற கேள்வி சிக்கலாயிடும். அமெரிக்காவில பிக்கப் டிரக் வெச்சிருக்கிறவங்களுக்கு இது தீராத சண்டை. டிரெய்லரோட பிரேக்கை டிரைவர் சீட்ல இருந்து கட்டுப்படுத்த ஒரு கன்ட்ரோலர் பெட்டி உண்டு. ரொம்ப நாளா அதை வெளியில வாங்கித்தான் மாட்டினாங்க. 2005 மாடல் சூப்பர் டியூட்டி டிரக்ல ஃபோர்டு அதை கம்பெனியிலேயே பொருத்திக் கொடுத்துச்சு. அப்புறமும் சிலர் கம்பெனிப் பெட்டியை ஓரம்கட்டிட்டு வெளிப் பெட்டியை மாட்டறாங்க. எவ்வளவு அழுத்தணும், எப்போ அழுத்தணும், யார் அழுத்தணும், இந்த மூணும்தான் பிரச்சினை.

இப்போ கோயில் தேரைப் பாருங்க. இன்ஜின் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது. ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிச்சு இழுக்கிற டிரெய்லர் அது. இழுக்கிறவங்களால இழுக்கத்தான் முடியும், நிறுத்த முடியாது. வடத்தை விட்டுட்டா தேர் உடனே நின்னுடும்னு நினைக்காதீங்க.

ஒரு சின்ன கணக்கு போடலாம். 300 டன் தேர் ஒண்ணு, வினாடிக்கு அரை மீட்டர் வேகத்துல, அதாவது நாம நடக்கிறதுல பாதி வேகத்துல போகுதுன்னு வெச்சுக்குங்க. அதோட இயக்க ஆற்றல் சுமார் 37,500 ஜூல். ஒன்றரை டன் கார் ஒண்ணு 25 கிலோமீட்டர் வேகத்துல போனா இருக்கிற ஆற்றல்தான். பெரிசா தெரியலையே? ஆனா தேரை ஒரு அடிக்குள்ள நிறுத்தணும்னா கிட்டத்தட்ட பன்னிரண்டரை டன் எடைக்குச் சமமான விசை வேணும். அதை முதல்ல வாங்கிக்கிட்டது ஒரு மரக்கட்டை. அந்தக் கட்டையை வெச்சது ஒரு மனுஷனோட கை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரம் தெரியும்தானே? ஆண்டாள் பிறந்த நட்சத்திரம். அன்னைக்கு ஆண்டாளும் ரங்கமன்னாரும் பெரிய தேர்ல ஏறி நாலு ரத வீதியும் சுத்தி வருவாங்க. தமிழ்நாட்டோட மிகப் பெரிய தேர்கள்ல இதுவும் ஒண்ணு. முன்னாடி இதுக்கு மரச் சக்கரம். தேர் கிளம்பி நிலைக்குத் திரும்ப நாள் கணக்குல ஆன காலம் இருந்ததுன்னு ஊர்ப் பெரியவங்க சொல்வாங்க. நிலைன்னா தேரோட பார்க்கிங். நடுவீதியில தேர் நின்னா அன்னைக்கு ராத்திரி சாமிக்கும் அங்கேதான் வாசம்.

இப்போ அந்தத் தேருக்கு இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக். காலையில வடம் பிடிச்சா அன்னைக்கே நிலைக்கு வந்துடுது.

இந்த மாற்றத்துல தமிழ்நாட்டுக்கே பேர் பெற்ற உதாரணம் திருவாரூர் ஆழித்தேர். 1926ல் பழைய தேர் தீயில எரிஞ்சு போச்சு. புதுசா செஞ்ச தேர் 1930ல் ஓடுச்சு. 1948க்கு அப்புறம் அதுவும் நின்னு, 1970ல்தான் மறுபடி வீதிக்கு வந்துச்சு. அலங்காரத்தோட 96 அடி உயரம், எடை சுமார் 300 டன். இன்னைக்கு அதுல இருக்கிற இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் செஞ்சு கொடுத்தது. அனல் மின் நிலையத்துக்கு பாய்லர் செய்யற பொதுத்துறை தொழிற்சாலை, தேருக்கு பிரேக் செய்யுது! எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

ஹைட்ராலிக் தத்துவம் பள்ளிக்கூடத்துல படிச்ச பாஸ்கல் விதிதான். அடைச்சு வெச்ச எண்ணெயில ஒரு பக்கம் அழுத்தினா எல்லாப் பக்கமும் அதே அழுத்தம் போகும். இந்தப் பக்கம் சின்ன பிஸ்டன், அந்தப் பக்கம் ஐம்பது மடங்கு பரப்புள்ள பிஸ்டன்னா, 30 கிலோ அழுத்தம் அங்கே ஒன்றரை டன் ஆயிடும்.

பழைய பிரேக் மட்டம், புதுசுதான் உசத்தின்னு முடிச்சுடலாமா? எனக்கு அப்படித் தோணலை. மரச் சக்கரம், மர அச்சு, மண் வீதி. இதுல உருளவே அவ்வளவு உராய்வு. அந்தத் தேரை நகர்த்தறதுதான் கஷ்டம், நிறுத்தறது அவ்வளவு இல்லை. பின்னாடி இருந்து பெரிய தடியைச் சக்கரத்துக்கு அடியில கொடுத்து நெம்பினாத்தான் அசையும். அந்தத் தேருக்கு கட்டைதான் சரியான பிரேக். அப்புறம் வீதிக்குத் தார் வந்துச்சு, தேருக்கு இரும்புச் சக்கரம் வந்துச்சு. உருள்றது சுலபமாச்சு. சுலபமா உருள்ற 300 டன்னுக்கு முன்னாடி கட்டையோட நிக்கச் சொன்னா யார் நிப்பாங்க? சக்கரத்தை மாத்தினப்பவே பிரேக்கையும் மாத்த வேண்டியதாயிடுச்சு. நம்ம பாஷையில சொன்னா, ஒரு டிபென்டென்சியை அப்டேட் பண்ணினா இன்னொண்ணு உடையும்.

உடையறதுன்னா இங்கே உயிர். தேர்ச் சக்கரத்துல சிக்கி இறந்தவங்க பத்தின செய்திகளைப் படிச்சா, பலதுல அவங்க வடம் பிடிச்சவங்க இல்லை, கட்டை போட்டவங்க. பூரி ஜெகந்நாதர் தேரைப் பத்தி வெள்ளைக்காரங்க எழுதினதுல இருந்துதான் இங்கிலீஷுக்கு 'ஜகர்நாட்'னு ஒரு சொல் போச்சு. பிரிட்டன்ல இன்னைக்கும் ராட்சச லாரிக்கு அதுதான் பேர். நசுக்கற சக்கரத்தைப் பத்தி எழுதினவங்க, அந்தச் சக்கரத்தை நிறுத்தற ஆளைப் பெரிசா கண்டுக்கலை. நாமளும் ஒழுங்கில்லை. தேர் யார் கொடுத்தாங்க, எந்த ராஜா காலம்னு சொல்வோம். கட்டை போட்டவர் பேரைக் கேட்டா தெரியாது.

ஹைட்ராலிக் பிரேக் வந்தும் கட்டை போகலை. ஏன்னா அதுக்கு ரெண்டு வேலை. நிறுத்தறது ஒண்ணு, திருப்பறது இன்னொண்ணு. ஹைட்ராலிக் பிரேக் முதல் வேலையைத்தான் எடுத்துக்கிச்சு. தேர் இடது பக்கம் ஒதுங்கினா, எந்தச் சக்கரத்துக்கு எந்தக் கோணத்துல கட்டை கொடுத்தா மூக்கு வலப்பக்கம் திரும்பும்னு ஒருத்தருக்குத் தெரியணும். சில ஊர்ல இதைச் சன்னக்கட்டைன்னு சொல்வாங்க. திருவாரூர்ல ஒவ்வொரு வருஷமும் நூற்றுக்கணக்கான கட்டை தயார் பண்றாங்க. நாலு மூலையிலயும் சக்கரத்துக்கு அடியில கிரீஸ் தடவின இரும்புப் பிளேட்டைப் போட்டு, தேரை உருட்டாம வழுக்கித் திருப்பறாங்க. திருவிழாவுக்கு முன்னாடி பெல் ஆட்கள் வந்து பிரேக்கை சோதிச்சுட்டுப் போவாங்க. கட்டைக்காரரைச் சோதிக்க யாரும் வர்றதில்லை. அப்பாவோ மாமாவோ போடறதைப் பக்கத்துல நின்னு பார்த்துக் கத்துக்கிட்டவர் அவர்.

அடுத்த தடவை ஆடிப்பூரத்துக்குப் போனா, வடத்துப் பக்கம் போகாம கொஞ்ச நேரம் சக்கரத்துக்குப் பக்கவாட்டுல, தள்ளி நின்னு பாருங்க. எல்லாரும் முன்னாடி பார்த்துப் போவாங்க. அவர் மட்டும் கட்டையோட கயிறைக் கையில சுத்திக்கிட்டு, சக்கரத்தைப் பார்த்தபடியே பின்னாடி நடந்து போவார்.